24 மணித்தியாலக் கணக்கு: வன்னிச் சிறுவன் ஒருவனின் நித்திரையும் விளையாட்டும்

இந்த ஆய்வில் வரும் சிறுவனுக்கு 10 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே தள்ளிக் காட்டோரமாக இருக்கும் கிராமம் ஒன்றில் வசிக்கிறான். தரம் 5 படிக்கிறான். தாய், அம்மம்மா, நான்கு வயதுத் தங்கை, அவன் என்று வீட்டில் நான்கு பேர். தகப்பன் கட்டாரில் கட்டட வேலை செய்கிறார். தாய் விடியமுன் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு வருகிறவர். யாரென்று அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்குத் தாய் சம்மதம் தந்திருக்கிறார்.

வந்த முறைப்பாடு

உளவளத்துணையாளரான எனக்கு வகுப்பாசிரியை தந்துவிட்ட குறிப்பு அரைப் பக்கம்தான். வகுப்பில் கவனமில்லை, மேசையில் தலையை வைத்து நித்திரை கொள்கிறான், முன்பு இல்லாத மாதிரி மற்றப் பிள்ளைகளோடு அடிபடுகிறான், பத்து மணியானால் தலையிடி என்கிறான். நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க எழுதும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் மாதிரி வினாத்தாளில் 200க்கு 140 வரை எடுத்தவன் இப்போது 100க்குக் கீழே. கடைசி வரி: யுத்தத்தால் பாதிக்கப்பட்ட குடும்பம்.

அந்த வரி பொய்யில்லை. யுத்தம் முடிந்த 2009இல் தாய்க்குப் பதினாறு வயது. முள்ளிவாய்க்கால் வரை போய், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து ஊர் திரும்பியவர். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை குழம்பினால், விசாரிக்கிறதுக்கு முன்னமே இந்த வரியை எழுதிவிடுகிறோம். எழுதியதும் வேறு எதையும் தேடத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறான், எத்தனை மணிக்கு எழும்புகிறான், கடைசியாக எப்போது வியர்க்க வியர்க்க ஓடி விளையாடினான் என்று யாரும் கேட்பதில்லை. உளவளத்துணை வேலையில் எனக்கு மிகுந்த கவலை தருகிற பழக்கம் இது.

தாய் சொன்னது: "முந்தி இவன் இப்பிடி இல்லை மிஸ். தரம் நாலில ஓட்டத்தில முதலாவதா வந்தவன். இப்ப தொட்டதுக்கெல்லாம் கோவம். கண்ணூறு எண்டு அம்மா நூலும் கட்டிவிட்டவ." அவன் மணிக்கட்டில் கறுப்பு நூல் இருந்தது. அவனிடம் தனியாகக் கேட்டேன். கன நேரம் கதிரையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டு இருந்துவிட்டு, "நித்திரை வருது மிஸ்" என்றான். அவ்வளவுதான்.

அம்மம்மாவின் கலண்டர்

நித்திரைக் குறிப்பு எழுத வழக்கமாகத் தாய்மாரிடம்தான் ஒரு தாள் கொடுப்போம். இந்த வீட்டில் தாய் பகலில் இல்லை, இரவில் களைத்துப்போய் இருக்கிறார். பிள்ளையை முழுநேரமும் காண்கிறவர் அம்மம்மாதான். மணிக்கூடு பார்த்து எழுதுவது தனக்குச் சரிவராது என்று அவர் முதலே சொல்லிவிட்டார். "நீங்கள் மணி எழுத வேண்டாம் அம்மா, என்னத்துக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு எழுதுங்கோ" என்றேன்.

நாட்கலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் ஒரு கிழமைக்கு எழுதித் தந்தார். அவள் பஸ்ஸுக்குப் போக முன்னம் இவன் எழும்பினது. கோயில் மணி கேக்கேக்க கொப்பியில தலை. றேடியோச் செய்திக்குப் பிறகு சாப்பாடு. தேப்பன் எடுத்தது. வெடி. பிறகும் வெடி. கோயில் மணியின் நேரமும், செய்தி நேரமும், தாயின் பஸ் நேரமும் தெரிந்திருந்ததால் மணிக்கணக்காக மாற்றுவது கடினமாக இருக்கவில்லை. நான் கொடுக்கும் அச்சடித்த தாளில் இந்த அளவு விவரம் ஒருநாளும் வந்ததில்லை.

அதிலிருந்து எடுத்த ஒரு சாதாரண நாள் இது. விடிய 4.30க்குத் தாய் அவனை எழுப்புகிறார். பிளேன்ரீ குடித்துவிட்டு ஒரு வினாத்தாள் செய்ய வேண்டும். 5.15க்குத் தாய் போகிறார். ஏழு மணிக்கு ஓட்டோ, 7.30க்குப் பள்ளிக்கூடம். 1.30க்கு மணி அடித்தாலும் தரம் 5 பிள்ளைகளுக்கு வீடு இல்லை. புலமைப்பரிசில் மேலதிக வகுப்பு மூன்று மணி வரை. அங்கிருந்து நேரே சந்தியில் ரியூசன், 5.30 வரை. ஆறு மணிக்கு வீடு. குளிப்பு, சாப்பாடு, வீட்டுப்பாடம். 7.30க்குத் தாய் வருகிறார், அவரோடு போனும் வருகிறது. 8.30 தொடக்கம் போன் அவன் கையில். நித்திரை 11 மணிக்குப் பிறகு.

கூட்டிப் பார்த்தால் பள்ளி நாட்களில் நித்திரை ஐந்தரை மணித்தியாலம். யானை விரட்டும் வெடிச் சத்தம் கேட்ட இரவுகளில் அதுவும் இல்லை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவக் கல்விக்கழகம் 2016இல் பரிந்துரைத்தது. குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டாலும் இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் மூன்றரை மணித்தியாலம் குறைகிறது.

விளையாட்டின் பக்கம் இன்னும் மோசம். 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவு உடல் அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். கலண்டர் தாள்களில் விளையாட்டு என்ற சொல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறது. போன வருடம் இதே பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனவன். பின்னேரம் முழுக்க மைதானத்தில் நின்றவன். தரம் 5 தொடங்கியதும் நேரம் மிச்சம் பிடிக்க ஓட்டோ வந்தது, மைதானத்தின் இடத்தில் ரியூசன் வந்தது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சிப் பாடவேளைக்கும் வினாத்தாள்தான். ஓட்டத்தில் முதலாவதாக வந்த கால்களை ஒரு வருடம் முழுக்க மேசைக்குக் கீழே மடக்கி வைத்திருக்கிறோம். பிறகு ஏன் அடிபடுகிறான் என்று கேட்கிறோம்.

கனடா 2016இல் வெளியிட்ட சிறுவர் வழிகாட்டல் அசைவு, அசையாமல் இருத்தல், நித்திரை மூன்றையும் ஒரே 24 மணித்தியாலத்துக்குள் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கும், ஏனென்றால் ஒரு நாளை நீட்ட ஏலாது. ரியூசனுக்குக் கொடுத்த இரண்டு மணித்தியாலம் எங்கேயோ இருந்து எடுபட்டதுதான். பகலில் உடம்பு களைக்காத பிள்ளைக்கு இரவில் சுலபமாக நித்திரை வராது. நித்திரை குறைந்த பிள்ளை அடுத்த நாள் ஓட விரும்பாது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும்.

இரவு எங்கே போனது

போனைப் பறித்தால் சரி என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். கொரோனாக் காலத்தில் இணையவழி வகுப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய போன் அது. திரையின் வெளிச்சம், நித்திரை வரவைக்கும் மெலட்டோனின் என்ற ஓமோன் சுரப்பதைப் பின்தள்ளும். பெரியவர்களை விடச் சிறுபிள்ளைகளின் கண் வழியே கூடுதலான வெளிச்சம் உள்ளே போவதால் அவர்களுக்குப் பாதிப்பும் கூட. இதெல்லாம் உண்மை. ஆனால் அவன் போனை வைத்திருந்தது எதற்காக என்று கேட்டபோது வேறு ஒன்று தெரிய வந்தது. அவன் அப்பாவுக்காகக் காத்திருக்கிறான்.

கட்டார் நேரம் எங்கள் நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். தகப்பன் வேலை முடிந்து, தங்குமிடத்துக்கு வந்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டு போனை எடுக்க அங்கே எட்டு மணி. இங்கே பத்தரை. இருபது நிமிடம் கதைப்பார்கள். அன்றைக்கு என்ன படித்தான், எத்தனை புள்ளி என்பதுதான் பெரும்பாலும் கதை. அந்த அழைப்பு வரும்வரை நித்திரை வராமலிருக்கவே அவன் வீடியோ பார்க்கிறான், கேம் விளையாடுகிறான். அழைப்பு முடிந்ததும் மனம் கிளம்பிவிடும். பிறகு உடனே கண் மூடாது. போனைப் பறிப்பதென்றால் அப்பாவையும் சேர்த்துப் பறிப்பதாகும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பேச்சு வந்தாலே வீட்டில் சண்டை.

ஒரு வீட்டுக்குள் இரண்டு நேரம் ஓடுவது அம்மம்மாவுக்குப் புதிதில்லை. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2006இல் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை இரண்டு பக்கத்துக்கும் எல்லையாக இருந்த ஓமந்தையைத் தாண்டுகிறவர்கள் அரை மணித்தியாலத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். "அப்பவும் பிள்ளையள் பொழுது பட்டாப் படுத்திடுங்கள், பிள்ளை. லைற் இல்லையே" என்றார் அவர்.

அடுத்தது விடியப்புறப் படிப்பு. நாலு மணிக்கு எழும்பிப் படித்தால் மண்டையில் ஏறும் என்று எங்கள் தகப்பன்மார் தாய்மார் எல்லோரும் சொல்லித்தான் நாங்களும் வளர்ந்தோம். எட்டு மணிக்குப் படுத்த பிள்ளைக்கு அது பொருந்தலாம். 11 மணிக்குப் படுத்த பிள்ளைக்குப் பொருந்தாது. இரவின் முதற்பகுதியில் ஆழ்ந்த நித்திரை கூட; விடியும் பக்கம் போகப் போகக் கனவு வரும் நித்திரை கூட. அந்தக் கனவு நித்திரைக்குப் பகலின் கோபத்தையும் பயத்தையும் தணிப்பதில் பங்கு இருக்கிறது. 4.30க்கு எழுப்பும்போது நாங்கள் வெட்டுவது அதைத்தான். பகல் முழுக்கப் படித்தது நினைவில் ஊன்றுவதும் நித்திரையில்தான். வினாத்தாளுக்காக நித்திரையை வெட்டினால் வினாத்தாளே அடிபடும்.

மூன்றாவது, வெடி. காட்டோர வயலுக்கு யானை வரும். பக்கத்துக் காணியில் இருக்கும் மாமா இரவில் காவல் இருக்கிறார். யானை வந்தால் யானை வெடி கொளுத்திப் போடுவார். அவன் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டான் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். அவனிடம் கேட்டால், "வெடிக்கு நான் எழும்பிறேல்ல மிஸ். அம்மா எழும்பி இருப்பா. அதுக்குத்தான் எழும்புறனான்" என்றான்.

தாயைத் தனியே சந்தித்தேன். வெடி கேட்டால் உடம்பு உதறும், பாயில் எழும்பி இருந்து இரண்டு பிள்ளைகளையும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பேன், விடியும்வரை கண் மூடாது என்றார். பதினைந்து வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. ஆசிரியை எழுதிய கடைசி வரி இங்கேதான் வருகிறது. பிள்ளையின் தலைக்குள் தேடிக்கொண்டிருந்த யுத்தம் தாயின் இரவில் இருந்தது. உதவி தேவைப்பட்ட முதல் ஆள் அவர்தான்.

உடம்பையும் பார்த்தோம்

நித்திரைக் குறைவை மனக் காரணத்தோடு மட்டும் முடிச்சுப் போடக் கூடாது. குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா என்று அம்மம்மாவிடம் கேட்டேன், இல்லை. அப்படி இருந்திருந்தால் தொண்டை, மூக்கு வைத்தியரிடம் அனுப்பியிருப்பேன், ஏனென்றால் தொண்டைச் சதை வீங்கி மூச்சு தடைப்படும் பிள்ளை பத்து மணித்தியாலம் படுத்தாலும் களைப்போடுதான் எழும்பும். இரத்தச் சோகை இருந்தாலும் களைப்பு வரும், கால் உளைந்து நித்திரை குழம்பும். வைத்தியசாலையில் இரத்தம் பார்த்தார்கள், பிழையில்லை. கண் பார்வையும் சரி. இரவில் பின்பக்கம் சொறிகிறான் என்று தெரிய வந்தது. கீரிப்பூச்சி. வீட்டில் எல்லோருக்கும் மெபென்டசோல் கொடுத்து, இரண்டு கிழமை கழித்து இன்னொரு தரமும் கொடுத்தார்கள். பிறகு கண்ட முன்னேற்றத்தில் இதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே காலத்தில் நடந்தன.

என்ன மாற்றினோம்

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடவில்லை. முதலில் அப்பாவின் அழைப்பு. தகப்பனோடு கதைத்தேன். பிள்ளை தனக்காக விழித்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. படுக்கப் போகும் நேரத்துக்குத்தான் எடுக்கிறேன் என்று நினைத்திருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே வழி சொன்னார். வெயில் காலத்தில் அங்கே காலை 10 மணியிலிருந்து 3.30 வரை வெளிவேலைக்குத் தடை என்பதால் விடியமுன்னமே வேலைக்குக் கிளம்புகிறார்கள். நாலு மணிக்கு பஸ்ஸுக்கு நிற்பேன், அப்போது எடுக்கிறேன் என்றார். இங்கே அது 6.30. தாயின் போன் அந்த நேரம் வீட்டில் இல்லை. காவலிலிருந்து திரும்பும் மாமா தன் போனை முற்றத்தில் கொண்டுவந்து கொடுப்பதாக ஏற்பாடு. ஐந்து நிமிடம். புள்ளிக் கதை கேட்பதில்லை என்று தகப்பனிடம் கேட்டுக்கொண்டேன். அவருக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை மட்டும் பின்னேரம் தாய் வந்ததும் நீண்ட அழைப்பு, முகம் பார்த்து.

இது சரிவந்த பிறகு போன் தானாகவே இறங்கியது. 8.30க்கு அம்மம்மாவின் அறையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு அவனே பாய்க்கு வந்தான். நுளம்பு வலைக்குள் மூன்று பேர் நெருங்கிப் படுத்த இடத்தில் அவனுக்கென்று ஒரு வலை கட்டிக்கொடுத்தோம். தாய் எழும்பி இருந்தாலும் அவன் குழம்பாமல் இருக்க இது உதவியது.

4.30 எழும்பலை விடச் செய்வதுதான் கடினமாக இருந்தது. தாய்க்குப் பயம். இவன் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால்தான் நல்ல பள்ளிக்கூடம், தான் படும் பாட்டுக்கு ஒரு அர்த்தம் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில ஆய்வுகளைத்தான் எடுத்துச் சொன்னேன். 2003இல் அவி சாடே என்பவரின் குழு இஸ்ரேலில் நான்காம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று இரவுகள் மட்டும் நித்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொன்னது. அரை மணித்தியாலமளவு கூட்டிய பிள்ளைகள்கூடக் கவனம், நினைவுச் சோதனைகளில் குறைத்தவர்களை விட நன்றாகச் செய்தார்கள். கனடாவில் செய்து 2012இல் வெளியான இன்னொரு ஆய்வில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள் ஐந்து இரவுகள் சராசரி 27 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். யார் எந்தப் பிரிவு என்று தெரியாத ஆசிரியர்களே, அந்தப் பிள்ளைகளின் எரிச்சலும் அவசரமும் குறைந்ததாகக் குறித்தார்கள். தாய் யோசித்துவிட்டு, "ஒரு மாதம் பாப்பம். புள்ளி குறைஞ்சா திரும்ப எழுப்புவன் மிஸ்" என்றார். சரி என்றேன். எழும்பும் நேரம் 5.45 ஆனது.

விளையாட்டுக்கு ரியூசனில் கைவைக்க வேண்டியிருந்தது. ஐந்து நாளில் இரண்டு நாளை விட்டோம். அந்தப் பின்னேரங்களில் பள்ளி முடிய ஓட்டோ இல்லை, நடைதான்; நாலரையிலிருந்து ஆறு வரை மைதானம். ரியூசன் ஆசிரியருக்கு விருப்பமில்லை, மறுக்கவுமில்லை. வகுப்பாசிரியை ஒரு படி மேலே போய், உடற்பயிற்சிப் பாடவேளை ஒன்றைக் கிழமையில் திரும்பக் கொடுத்தார். அது வகுப்பு முழுவதற்கும் கிடைத்தது. முதல் நாள் பிள்ளைகள் எல்லே என்ற பந்தடி விளையாட்டு விளையாடிவிட்டு வந்து மத்தியானம் வரை ஒழுங்காக இருந்து படித்தார்கள் என்று அவரே எனக்குச் சொன்னார்.

தாயை மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினேன். ஒரு நாள் லீவு எடுத்தால் வரவுக்கான கொடுப்பனவு வெட்டுப்படும் என்பதால் முதல் திகதியைத் தவறவிட்டார். அடுத்ததற்குப் போனார்.

பிறகு கண்டது

அம்மம்மா இரண்டாம் முறை எழுதிய தாள்களில் நித்திரை எட்டரை முதல் ஒன்பது மணித்தியாலம். முதல் கிழமை வெள்ளியில் குழப்பம். அழைப்பு நீண்டு பத்து மணியாகிவிட்டது. தலையிடி முதலில் நின்றது. அடிபடுதல் குறைய ஒரு மாதமளவு எடுத்தது, முழுக்க நிற்கவில்லை. வகுப்பில் நித்திரை கொள்வது நின்றதாக ஆசிரியை சொன்னார். புள்ளி 100க்குக் கீழேயிருந்து 120களுக்கு வந்தது. பழைய 140 வரவில்லை. தாய் அதைப் பார்த்துவிட்டு 4.30க்குத் திரும்ப எழுப்பவில்லை.

பரீட்சை நெருங்க நெருங்கக் கையிலிருந்து நழுவத் தொடங்கியது. ஞாயிறு விடிய விசேட வகுப்பு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் போகும்போது இவனை மட்டும் மறிக்கத் தாயால் முடியவில்லை. உடற்பயிற்சிப் பாடவேளையும் கடைசி மாதம் போய்விட்டது. ஒரு வீட்டுக்குள் எவ்வளவு ஒழுங்கு செய்தாலும், பத்து வயதுப் பிள்ளையின் ஒரு வருடத்தை ஒரு பரீட்சைக்கு எழுதிக் கொடுக்கிற வழக்கம் வெளியே அப்படியே இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இதைக் கதைத்தேன். ரியூசனை விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால், விடிய ஆறு மணிக்கு முன்னமும் இரவு ஏழு மணிக்குப் பின்னமும் தரம் 5 வகுப்பு வைப்பதில்லை என்பதை மட்டும் கேட்டேன். முடிவு எதுவும் எடுக்கவில்லை. தகப்பன்மார் இருவர் பிறகு வெளியே வந்து, தங்கள் பிள்ளைக்கும் கலண்டரில் எழுதிப் பார்ப்பதாகச் சொல்லி முறையைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

இப்போதைய நிலை: தாய் மனநலப் பிரிவுக்கு மாதம் ஒரு தரம் போகிறார், மருந்தும் எடுக்கிறார். வெடி கேட்ட இரவிலும் திரும்பப் படுக்க முடிகிறது என்கிறார்; பிள்ளை அன்றும் எழும்புகிறான், ஆனால் கெதியில் தூங்கிவிடுகிறான். பரீட்சை முடிந்ததால் ரியூசன் இல்லை, பின்னேரம் முழுக்க மைதானம். தரம் 6க்கு எந்தப் பள்ளிக்கூடம் என்பது இன்னும் முடிவாகவில்லை. தூரத்துப் பள்ளிக்கூடமென்றால் திரும்பவும் ஐந்து மணிக்கு எழும்ப வேண்டி வரும் என்பதால், இவனுடைய கோப்பு இன்னும் மூடப்படவில்லை. புதிய தவணை தொடங்கி இரண்டாம் கிழமை அம்மம்மாவிடம் இன்னொரு கட்டுக் கலண்டர் தாள் கேட்டிருக்கிறேன்.